வெயில் நாடும் பனி நாடும்

மனிதன் வாழ்தற்கு ஏற்றது வெப்ப நாடோ, குளிர் நாடோ என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. அறிஞர் பலர் இதனை ஆராய்ந்து நூல் எழுதியுள்ளனர். அறிஞரல்லாதார் திண்ணையிலிருந்து விசிறிக்கொண்டே இதனை ஆராய்ந்துள்ளனர். புதுக்கோட்டைச் சீமையில் சித்திரை வைகாசித் திங்களில் நடுப்பகற் பொழுதில் தெருவில் இறங்கி நடப்பவர்க்கு இவ்வினாவின் விடை மிக எளியதாகவே தோன்றும். செம்மண் தரை காலைச் சுடும். கற்பாறைகள் அனலை உமிழும். நிழல் தேடி ஆடுகள் ஒன்றன் வயிற்றின்கீழ் ஒன்று தலையைப் புகுத்தி நிற்கும். அவ்வேளையில், "பனி பெய்யும் நாட்டிற் பிறந்தோர் புண்ணியம் செய்தோர்" என்று ஒருவர் கூறுவாராயின், அவரை மறுத்துரைக்க நாவெழாது.

ஆயினும், ஒரு வினாவிற்கு நடுப்பகலிற் சொல்லும் விடையே முடிந்த விடையாகாது. மாலையில் கடற்காற்று வீசத் தொடங்கிய பின்னரும் அவ்விடை நிற்குமா என்று பார்த்தல் வேண்டும். நம் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளிச்செல்லும் மாணவருட் பலர் இக்காலத்தில் கானடா, இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய குளிர் நாடுகளை நோக்கி நிற்கின்றனர். ஊதியம், மேற்படிப்பு என்பன அவர் கூறும் முதற் காரணங்கள். அவற்றை அடுத்து, "அங்கே இந்த வெயில் இல்லை" என்பதும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. ஆதலின் இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்தல் நம்மனோர்க்குப் பயன் தருவதாகும்.

இக்கட்டுரையிற் சொல்லக் கருதியது இதுவே: வெயில் நாட்டின் துன்பங்கள் என்று நாம் எண்ணுவனவற்றுட் பெரும்பகுதி வெயிலால் வருவனவல்ல, நீரையும் நிழலையும் நாம் பேணாமையால் வருவன. எந்நாட்டில் வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஒரு சிலர்க்கே உண்டு. அவ்வாய்ப்பு உடையார், அஃதில்லாதார்க்கு ஒரு கடன் பட்டவராவர்.

முதற்கண் குளிர் நாட்டின் பக்கத்து நியாயத்தை ஒளியாது கூறிவிடுவோம். குளிர்ந்த காற்றில் நெடுநேரம் உழைத்தல் எளிது. உண்ட உணவு விரைவிற் கெடாது. இரவில் உறக்கம் தடையின்றி வரும். குளிரினின்றும் காத்துக்கொள்ள ஆடைமேல் ஆடை உடுக்கலாம். வெயிலுக்கு அஞ்சித் தோலைக் கழற்றி வைக்க இயலாது. அமெரிக்க நிலநூற் புலவராகிய எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் என்பார் 1915-ஆம் ஆண்டில் 'நாகரிகமும் தட்பவெப்பமும்' என்னும் பொருளுடைய நூலொன்றை வெளியிட்டார். மாறி மாறி வரும் பருவங்களையுடைய குளிர் நாடுகளிலேயே மக்கட்கு ஊக்கமும் ஆக்கமும் மிகும் என்பது அவர் கொள்கை. அக்காலத்தில் ஆளும் நாட்டினர் பலர்க்கு இக்கொள்கை தேனாக இனித்தது. தாம் ஆளப் பிறந்தமைக்குத் தம் நாட்டுக் காற்றே சாட்சி என்று அவர் மகிழ்ந்தனர்.

இக்கொள்கை உண்மையாயின், சித்தன்னவாசற் குன்றில் தீட்டிய ஓவியமும், நார்த்தாமலையில் எழுப்பிய கற்றளியும், 1010-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலும் எவ்வாறு எழுந்தன? அவற்றைச் செய்தோர் இதே வெயிலில் நின்றே கல் சுமந்தனர். நிலநடுக்கோட்டிற்கு மிக அணித்தாக, ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் நீங்காத சிங்கப்பூர் ஒரு தலைமுறைக் காலத்தில் செல்வ நாடாயிற்று. அந்நாட்டின் முதற் பிரதம மந்திரியாகிய லீ குவான் யூ, குளிர்சாதனக் கருவியைத் தம் நாட்டு முன்னேற்றத்திற்குப் பெருந்துணை புரிந்ததொன்றாகப் போற்றினார். தட்பவெப்பம் மனிதனுக்குத் தடை இடலாம். தலையெழுத்தை எழுதுவதில்லை என்பதே இவற்றால் விளங்குவது.

இனி, நம் நாட்டுச் சமவெளியை வெறுத்து மலையேறியவர் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த பாதிரிமார் 1834-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தினின்றும் மதுரைக்கு வந்தனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவரும் அவர் மனைவி மக்களும் ஒருவர்பின் ஒருவராய் நோயுற்று மாய்ந்தனர். சமவெளியின் வெம்மையே கூற்றுவன் எனக் கருதிய அவர், திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையின்மீது முதலில் இல்லங்கள் கட்டினர். காற்றுக் குளிர்ந்திருந்தது, காய்ச்சலோ அவரை விடவில்லை. ஆதலின் 1845-ஆம் ஆண்டில் பழனி மலைத்தொடரிலே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலுக்குச் சென்று வீடமைத்தனர். அங்கே உடல் தேறியது. இக்காலத்தில் மக்கள் திரள் திரளாகச் செல்லும் கோடைக்கானல் நகரம் இவ்வாறு நோய்க்கு அஞ்சியோரின் புகலிடமாகத் தோன்றியதே.

உயரே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும் என்பர். அக்கணக்கின்படி புதுக்கோட்டைக்கும் கோடைக்கானலுக்கும் வெப்பத்தில் பதின்மூன்று பாகை வரையில் வேற்றுமை உண்டு. ஆயின், பாதிரிமாரைக் காத்தது இப்பதின்மூன்று பாகையா? சிறுமலையும் குளிர்ந்த இடந்தானே? 1897-ஆம் ஆண்டில் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலிலே வளர்வதைக் கண்டறிந்தபோதுதான் இதன் மறை வெளிப்பட்டது. கொசு வாழும் உயரத்தைக் கடந்து சென்றமையால் அவர் பிழைத்தனர். பகைவன் தேங்கிய நீரிலே பிறந்தவன்; பழியோ வெயிலின்மேல் விழுந்தது.

வாந்திபேதியின் வரலாறும் இத்தகையதே. சமவெளியில் எண்ணற்றோரைக் கொண்டுசென்ற அந்நோய், குளிரும் மூடுபனியும் நிறைந்த இலண்டன் மாநகரிலும் 1854-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கானோரை மாய்த்தது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வாழ்ந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அவரிற் பெரும்பாலோர் ஒரே தெருக்குழாயின் நீரை அருந்தியவர் எனக் கண்டார். குளிர் நாட்டினும் கெட்ட நீர் கொல்லும். வெயில் நாட்டினும் நல்ல நீர் வாழ்விக்கும். இவ்வொன்றை உணர்ந்த பின்னர், "இந்த வெயிலே நம் நோய்க்கெல்லாம் காரணம்" என்று பேசுதல் தகாது.

குளிர் நாடு சென்ற நம்மவர் வரலாறும் நமக்கு ஒரு பாடமாகும். கணித மேதையாகிய சீனிவாச ராமானுஜன் 1914-ஆம் ஆண்டில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே இரவில் குளிர் தாங்காது, மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்கினார். கட்டிலிற் கம்பளங்கள் இல்லாமலில்லை. அவை மெத்தையின் அடியிற் செருகி இறுக்கி விரிக்கப்பட்டிருந்தமையால், அவற்றின் உள்ளே புகுந்து படுத்தல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் பெரும் புள்ளியியல் அறிஞராக விளங்கிய மகாலனோபிஸ், அப்போது அங்கு மாணவராயிருந்தவர், இதனைக் கண்டு அவருக்குக் கற்பித்தார். எண்களின் ஆழத்தைக் கண்ட பேரறிஞர்க்கும் குளிர் நாட்டில் படுக்கை விரிப்பு ஒரு புதிய பாடமாயிற்று. குளிரோடு வாழ்தலும் ஒரு கல்வி. அந்நாட்டார் அதனைத் தாய்மடியிலே கற்கின்றனர்.

அவர் 1917-ஆம் ஆண்டு முதல் நோயுற்று மருத்துவ இல்லங்களில் இருந்தார். 1919-ஆம் ஆண்டில் தாயகம் மீண்டார். 1920 ஏப்ரலில் சென்னையில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். குளிர் அவரைக் கொன்றது என்று பலர் கூறுவர். வெயில் நாடு மீண்டும் அவர் பிழைக்கவில்லை என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். காசநோய் என்றே அக்காலத்து மருத்துவர் பெரும்பாலும் கருதினர். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர், தூயதல்லாத நீரால் வரும் ஒருவகைக் கிருமி ஈரலைத் தாக்கியதே காரணமாகலாம் என்கின்றனர். அஃது உண்மையாயின், இங்கும் குற்றவாளி குளிருமன்று, வெயிலுமன்று, மீண்டும் நீரே.

குளிரும் தன் பங்கிற்கு உயிர் கொள்வதே. 2015-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, 13 நாடுகளைச் சேர்ந்த 384 இடங்களின் இறப்புக் கணக்கை ஆராய்ந்தது. அவ்விறப்புகளில் நூற்றுக்கு 7.29 பங்கு குளிரோடும், 0.42 பங்கு வெப்பத்தோடும் தொடர்புடையன என்று அது கண்டது. கடும்பனியைக் காட்டிலும் நாள்தோறும் நீடிக்கும் மிதமான குளிரே மிகுதியும் தீங்கு செய்தது என்பதும் அதனாற் பெறப்பட்டது. இக்கணக்கைக் கண்டு வெயில் நாட்டார் இறுமாத்தல் ஆகாது. உலகம் வெம்மை அடைந்து வருகின்றது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் இங்கிலாந்தில் 40.3 பாகை வெப்பம் பதிவாயிற்று. அக்கோடையில் ஐரோப்பாவில் அறுபதாயிரவர்க்கு மேற்பட்டோர் வெப்பத்தால் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. குளிருக்கென்று கட்டிய அவர் வீடுகள் வெப்பத்தை உள்ளே சிறைப்படுத்தின. வெயிலுக்கு அஞ்சிக் குளிர் நாடு செல்வோரை வெயில் பின்தொடர்கின்றது என்பது இதன் பொருள்.

உண்மையில், தட்பவெப்பம் பார்த்துப் புலம்பெயர்ந்தோர் மிகச் சிலரே. இராயவரம், அரிமளம் முதலிய ஊர்களின் நகரத்தார் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் சென்றனர்; அவை குளிர் நாடுகளல்ல. இக்காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களினின்றும் இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அந்நாடுகளுள் ஒன்றாகிய குவைத்தில் 2016-ஆம் ஆண்டு ஜூலையில் 53.9 பாகை வெப்பம் பதிவாயிற்று. நம் வெயிலினும் கொடிய வெயிலுக்குப் பிழைப்பின்பொருட்டே அவர் செல்கின்றனர். 1983-ஆம் ஆண்டின் கலவரத்திற்குப் பின்னர் ஈழத் தமிழர் பல்லாயிரவர் கானடாவின் பனியிற் குடியேறினர். பனியை விரும்பியா சென்றனர்? உயிரையும் மானத்தையும் காக்கச் சென்றனர். எனவே, "வெயிலா, குளிரா?" என்று தேர்ந்துகொள்ளும் நிலை செல்வமும் கல்வியும் உடைய ஒரு சிலர்க்கே வாய்ப்பது. அவ்வாய்ப்பை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே மெய்யான வினா.

இதற்குப் புதுக்கோட்டை வரலாறே இரண்டு சான்றுகளைத் தருகின்றது. ஒருவர் அரசர், மற்றவர் அவ்வரசரின் குடிமகள்.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-ஆம் ஆண்டில் இளம்வயதிலேயே புதுக்கோட்டை அரியணை ஏறி, 1894-இல் முழு அதிகாரம் பெற்றார். ஆங்கில ஆசிரியரிடம் கற்று, மேனாட்டு வாழ்வில் மிக்க ஈடுபாடு கொண்டார். 1915-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலே மெல்போர்ன் நகரில் மோலி பிங்க் என்னும் நங்கையை மணந்தார். அம்மணத்தை ஆங்கில அரசாங்கம் ஏற்கவில்லை. அவரை அரசியாகவும் ஒப்பவில்லை. இருவரும் புதுக்கோட்டைக்கு வந்து சில திங்களே தங்கி, 1916-இல் மீண்டும் ஆஸ்திரேலியா சென்றனர். பின்னர் ஐரோப்பா சென்று, பிரான்சு நாட்டின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரில் குடியமர்ந்தனர். 1922-ஆம் ஆண்டு முதல் அரசரின் பெயரால் இங்கு ஆட்சியை நடத்தியவர் ஒரு பிரதிநிதி. 1928-ஆம் ஆண்டு மே திங்களில் அரசர் பாரிஸ் நகரிலே காலமானார். இலண்டனில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. தம் முன்னோர் அடங்கிய மண்ணில் அவருக்கு ஓரிடமில்லாது போயிற்று.

அவர் வெயிலை வெறுத்து ஓடினார் என்று கூறுதல் அறமாகாது. மனைவிக்கு மதிப்பில்லாத ஊரில் வாழ அவர் மனம் இசையவில்லை. அவ்வகையில் அவர் செயல் இரங்கத்தக்கதும் ஒருவாறு போற்றத்தக்கதுமாகும். எனினும், ஒரு நாட்டின் வளத்தால் வாழ்பவர் அந்நாட்டின் வெயிலில் நில்லாதபோது, அந்நாட்டுக் கண்மாயின் கரை உடைந்தது அவர் கண்ணிற்படாது. மழை பொய்த்த ஆண்டின் வாட்டம் அவரைத் தீண்டாது. தொலைவு, நல்லவரையும் அறியாதவர் ஆக்கிவிடுகின்றது. இதுவே அவர் வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது.

மற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ஆம் ஆண்டில், அதாவது அவ்வரசர் பட்டமேறிய அதே ஆண்டில், புதுக்கோட்டையிற் பிறந்தவர். ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று பலர் கூச்சலிட்டபோது, எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தவர் இதே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே. 1912-ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1925-இல் மகளிர், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் கற்க இங்கிலாந்து சென்றார். குளிரிலே வாழ்ந்தார், கற்க வேண்டுவன கற்றார், திரும்பினார். சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகித் துணைத்தலைவராக விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அனாதைப் பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்படக் காரணமானார். அவர் பெற்ற கல்வியில் ஒரு பகுதி பனி நாட்டது. அதன் பயன் முழுதும் வெயில் நாட்டிற்கு வந்தது.

ஒரே ஊரினின்றும் புறப்பட்ட இருவருள், கதவைத் திறந்துவிட்டவர் மீளவில்லை. அக்கதவின் வழியே சென்றவர் மீண்டார். மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக. போகலாகாது என்று யாம் கூறவில்லை. போகாதிருந்தால் அம்மையார்க்கு அக்கல்வி ஏது? போவது குற்றமன்று; போன இடத்தினின்றும் இவ்வூரை மறப்பதே குற்றம்.

இனி, தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாதாரை நினைவோம். கற்குழிகளிற் கல் உடைப்போர், கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் பெண்டிர், நண்பகலிலும் களை பறிப்போர், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் மீன் உலர்த்துவோர், தகரக் கூரையின்கீழ் இரும்பு காய்ச்சுவோர் ஆகிய இவர்க்கு எந்நாட்டுத் தூதரகமும் கதவு திறப்பதில்லை. மனித உடல் வியர்வையாலே தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை உலராது. உலராவிடில் உடல் குளிராது. அந்நிலையில் வெயிலில் உழைப்பவர்க்கு நிழலும், நீரும், நடுப்பகல் ஓய்வும் உயிர்காப்பனவாகும். இவற்றை அளிக்க வல்லவர் கற்றோரும் அதிகாரம் உடையோருமே. அவரெல்லாம் குளிர் நாட்டிற்கோ, ஊரிலிருந்தபடியே குளிரூட்டிய அறைக்கோ குடிபெயர்ந்துவிட்டால், வெயிலில் நிற்போரின் முறையீட்டைக் கேட்பார் யார்? குளிரூட்டிய அறையும் ஒருவகை வெளிநாடே. அதனுள் இருப்பவரும் புலம்பெயர்ந்தவரே. அக்கருவி அறையின் வெம்மையைத் தெருவிலே தள்ளுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

நம் முன்னோர் வெயிலை வெல்ல எண்ணவில்லை. அதனோடு உடன்பாடு செய்துகொண்டனர். புதுக்கோட்டைப் பகுதியில் ஆண்டிற்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள்ளேயே கொட்டி ஓடிவிடும். ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இங்கில்லை. ஆகவே அவர் ஆயிரக்கணக்கில் ஏரிகளும், கண்மாய்களும், குளங்களும், ஊருணிகளும் அகழ்ந்தனர். ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் அந்நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும்படி வரத்துக்கால் வகுத்தனர். குமிழித் தூம்புகளை நட்டு, அவற்றை நட்டவர் பெயரைக் கல்லிலே பொறித்தனர். 1878-ஆம் ஆண்டு முதல் இங்குத் திவானாயிருந்த சேஷய்ய சாஸ்திரியார் நகரின் தெருக்களைச் செம்மைப்படுத்தியதோடு குளங்களையும் செப்பனிட்டார். நல்லாட்சி என்பது நீரைப் பேணுவதிற் தொடங்குவது என்று அவர் அறிந்திருந்தார்.

வீடுகளும் அவ்வாறே அமைந்தன. தடித்த சுண்ணாம்புச் சுவர், நடுவே வானம் நோக்கிய முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், உயர்ந்த கூரை, வாயிலில் திண்ணை ஆகிய இவை யாவும் அழகின்பொருட்டு மட்டும் அமைந்தனவல்ல. முற்றத்தின் வழியே வெங்காற்று மேலேறும். தாழ்வாரத்து நிழலிலுள்ள காற்று அதன் இடத்தை நிரப்பும். எளியோரின் மண்சுவரும் கீற்றுக் கூரையும் இதே அறிவின் சிறு வடிவமே. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர் இயற்கைக் குகையின் நிழலிலே கல்லைப் படுக்கையாக்கி வழவழப்பாக இழைத்துத் தவம் செய்தனர். அக்குன்றின் குடைவரைக் கோயில் விதானத்தில் ஓவியர் தீட்டியது யாது? தாமரை பூத்த ஒரு குளம். அதில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் மலர் கொய்யும் மாந்தரும். சுடும் பாறையின் வயிற்றினுள்ளே அவர் தலைக்குமேல் ஒரு நீர்நிலையை எழுதி வைத்தனர். வெயில் நாட்டார் பேரின்பம் என எதனைக் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இக்காலத்து நாம் செய்திருப்பது என்ன? வரத்துக்கால்களை அடைத்து வீடு கட்டினோம். கண்மாய்களிற் கருவேலம் மண்ட விட்டோம். முற்றத்தை மூடிக் காங்கிரீட் தளம் இட்டோம். பகலெல்லாம் அத்தளம் குடித்த வெயிலை இரவெல்லாம் நம்மேல் உமிழ்கின்றது. காட்டு நிலங்களிற் பல தைலமரத் தோப்புகளாயின. அவை நிலத்து நீரை உறிஞ்சுகின்றன என்று உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா என்னும் புயல் ஓரிரவில் இம்மாவட்டத்தின் பலாவையும் தென்னையையும் எண்ணற்று வீழ்த்தியது. பல்லாண்டு வளர்ந்த நிழலை மீண்டும் வளர்க்கப் பல்லாண்டு ஆகும். புயலை நாம் தடுத்தல் இயலாது. வீழ்ந்த மரத்திற்கு ஈடாகக் கன்று நடுதல் இயலும். இவற்றையெல்லாம் செய்யாது விட்டு, "இவ்வூர் வாழத் தகுந்ததன்று" எனப் பெட்டி கட்டுவது, கூரையைப் பிரித்துவிட்டு மழையைப் பழிப்பது போலாகும்.

"உபதேசம் எளிது, ஒருவன் குளம் வெட்டினால் உலக வெம்மை தணியுமோ?" என்று வினவுவாருமுளர். தணியாதுதான். பெருநாடுகளின் ஆலைகளும் ஊர்திகளும் விடும் புகையை ஓர் ஊருணி விழுங்கிவிடாது. ஆயினும், உலக வெம்மை ஓரிரு பாகை ஏறுவது வேறு. ஆலமரத்தடிக்கும் தார்ச் சாலைக்கும் இடையே நாள்தோறும் நாம் உணரும் வேற்றுமை வேறு. முன்னதற்கு உலகத்தார் கூடி வழி காணல் வேண்டும். பின்னது நம் கையிலுள்ளது. அண்மைக் காலத்தில் சில ஊர்களில் இளைஞர் ஒன்றுகூடித் தம் குளங்களைத் தூர்வாரியுள்ளனர். கடல் கடந்து உழைக்கும் அவ்வூரார் பொருள் அனுப்பித் துணைநின்றுள்ளனர். வெளிநாடு சென்றவரும் ஊரிலிருப்பவரும் ஒரே கரையில் மண் இடலாம் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஆகவே, இரண்டனுள் எதனைத் தேர்வது என்று எம்மை வினவின், யாம் வெயில் நாட்டையே தேர்வோம். அது துன்பமற்றது என்பதனாலன்று. அதன் காலைப்பொழுதும், நிலவெறிக்கும் இரவும், கதவு திறந்தே கிடக்கும் தெருவும், அயலாரோடு திண்ணையிற் கழியும் மாலையும் எமக்கு இனியன என்பது ஒரு காரணம். இங்கே செய்யவேண்டிய பணி மிகுதியாக உள்ளது என்பது அதனினும் பெரிய காரணம். பிறர் வேறு தேர்வாராயின் அவரைக் குறை கூறோம். குளிர் நாடு செல்வோர் அந்நாட்டு ஒழுங்கைக் கற்கட்டும். குழாய்நீரை அஞ்சாது பருகும் நிலையை அந்நாட்டார் எவ்வாறு உண்டாக்கினர், குளிர் மிக்க இரவில் வீடற்ற ஏழைக்கு எவ்வாறு இடமளிக்கின்றனர் என்பனவற்றை நுணுகி அறியட்டும். அறிந்தவற்றைக் கடிதத்திலேனும் ஊருக்கு அனுப்பட்டும். இயலுமேல் அம்மையாரைப்போல் தாமே கொண்டுவரட்டும்.

இங்கேயே தங்குவோர், வேறு வழியில்லாது தங்கினோம் என்று நெஞ்சம் நோவ வேண்டா. தம் வீட்டு வாயிலில் ஒரு வேம்போ புங்கோ நடுக. தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எங்கே அடைபட்டுள்ளது என்று நடந்து சென்று காண்க. தம்மிடம் வேலை செய்வோரை உச்சிப்பொழுதில் நிழலில் இருத்துக. ஆசிரியராயின் பள்ளிக்கூரையின் வெம்மையையும், அதிகாரியாயின் சந்தைத்திடலின் நிழலின்மையையும் தம் குறையாகவே கருதுக. இவை சிறியன போலத் தோன்றும். ஆயினும், நாட்டைக் குளிர்விக்கும் வழி வேறொன்றும் இதுகாறும் கண்டறியப்படவில்லை.